‘ஜெபம் பண்ணிக்கிறேன்’ என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்

கேள்வி: எனக்கு 29 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். தாத்தா உபதேசியாராக இருந்தவர். அப்பா சேகரக் கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில், இருக்கிறார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டு ஜெபம். அது முடியாமல் சோறு கிடையாது. ஓய்வுநாள் பள்ளி, விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி, பாடகர் குழு என்று கோயிலைச் சுற்றியே வளர்ந்தேன். ஆறு வருடமாகச் சென்னையில் ஐடி வேலை.

இந்த வருடம் இரண்டு விஷயங்கள் என்னைக் குழப்பிவிட்டன. என் தங்கை (வயது 26) ஒருவரை விரும்புகிறாள். அவரும் சிஎஸ்ஐதான், ஆனால் வேறு சாதி. ‘கர்த்தருக்குள்ள எல்லாரும் ஒண்ணுதான், கலியாணம்னு வந்தா அது வேற’ என்கிறார் அப்பா. ‘யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை’ என்ற வசனத்தைக் காட்டி அவரோடு பெரிய சண்டை போட்டேன்.

அதே நான், மூன்று வாரத்துக்கு முன்பு என் சித்தி மகன் போன் செய்தபோது என்ன செய்தேன் தெரியுமா? 22 வயது, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். தனக்குப் பெண்கள்மேல் விருப்பம் இல்லை, ஆண்கள்மேல்தான் என்று சொல்லி அழுதான். என்னிடம்தான் முதலில் சொல்கிறானாம். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ‘சரிடா, ஜெபம் பண்ணிக்கிறேன்’ என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆபீஸில் இந்த விஷயத்தில் ஆதரவாகப் பேசுகிறவள் நான். எங்கள் மாமா ஒருவர் கைதட்டி, பெண்போல நடந்து காட்டுவார். குடும்பமே சிரிக்கும், தம்பியும் சிரிப்பான். அது இப்போது ஓயாமல் நினைவுக்கு வருகிறது.

கூடத் தங்கியிருக்கும் தோழிகள், நான் குடிக்காததையும் ஞாயிறு கோயிலுக்குப் போவதையும் ‘பிரெயின்வாஷ்’ என்கிறார்கள். எனக்கென்று கருத்து உண்டா, எல்லாமே வீட்டில் ஊட்டியதா? மதத்தை விட்டால்தான் சுயமாக யோசிக்க முடியுமா? தம்பியிடம் என்ன சொல்வது?

- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் தம்பி. மற்றதை மெதுவாகப் பேசலாம். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் அவனுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். ‘அன்னைக்கு நீ சொன்னதுக்குச் சரியா பதில் சொல்லத் தெரியல, தப்பு என்னோடது. என்னை நம்பிச் சொன்னியே, அது எனக்குப் பெரிசு. எப்ப பேசலாம்?’ இவ்வளவு போதும். வசனம் வேண்டாம். அறிவுரை வேண்டாம். ‘எல்லாம் சரியாயிடும்’ என்பதும் வேண்டாம். அவனிடம் சரியாக வேண்டியது எதுவும் இல்லை.

அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. யாரிடமும் சொல்லாததை, இத்தனை பெரிய குடும்பத்தில் ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்கிறான். மூன்று வாரமாகப் பதில் இல்லை. ‘அக்கா யோசிக்கிறாள்’ என்று அவன் நினைத்துக்கொண்டிருக்க மாட்டான். என்னிடம் வந்து பேசிய இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர், திட்டியவர்களைப் பற்றிச் சொல்லும்போது அழுததில்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் போனவர்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் அழுதார்கள். பேசும்போது சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று கேளுங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்பதையும் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பயப்பட வேண்டாம். தோன்றுகிறது என்றால், அன்றிரவு அவனோடு இருக்க ஒரு நல்ல நண்பரை ஏற்பாடு செய்துவிட்டு, தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரிடம் போகச் செய்யுங்கள்.

இரண்டு காரியங்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்துவிடாதீர்கள். ஒன்று, சித்தியிடம் சொல்வது. சொல்வதா வேண்டாமா, எப்போது, யார் மூலம் என்பதெல்லாம் அவன் முடிவு. இன்னொன்று, ‘விடுதலை ஜெபம்’, ‘கவுன்சலிங்’ என்று இதை மாற்றிக் காட்டுவதாகச் சொல்கிறவர்களிடம் அவனை அனுப்புவது. ஒருபாலீர்ப்பு, அதாவது தன் பாலினத்தவர்மேல் வரும் ஈர்ப்பு, நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே மாதத்திலேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இது குற்றமும் அல்ல. மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை செய்தது. அப்படிப்பட்ட ‘சிகிச்சை’யிலிருந்து உடைந்துபோய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

சரி, இப்போது உங்களுக்கு வருவோம். உடம்பு கூசியது என்று எழுதியிருக்கிறீர்கள். ‘எனக்கு இது தவறாகப் பட்டது’ என்று எழுதவில்லை, உடம்பு என்றுதான் எழுதினீர்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வளர்ந்தது கும்பகோணம் பக்கத்தில் ஒரு சைவக் குடும்பம். பாட்டி தினமும் விளக்கேற்றித் தேவாரம் பாடுவாள். கொல்லைக்கட்டு மாடத்தில் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். மாட்டுக் கொட்டகை கூட்ட வரும் அம்மாவுக்கு மட்டும் அதில் காபி. எனக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது ஒருநாள் தாகத்தில் அந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டேன். பாட்டி அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. முகம் மட்டும் சுருங்கியது. ‘சிவ சிவா’ என்று சொல்லிக்கொண்டே என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். ஒரு விளக்கமும் கிடையாது. ஆனால் அந்த முகம் எனக்குள் இறங்கிவிட்டது.

இருபது வருடம் கழித்து, உளவியல் படித்து முடித்து, சாதிக்கு எதிராகக் கட்டுரையெல்லாம் எழுதியவள் நான். களப்பணிக்குப் போன ஒரு குடியிருப்பில் ஒரு அம்மா டீ கொண்டுவந்து நீட்டினார். என் கை ஒரு கணம் நின்றது. ஒரே ஒரு கணம்தான். அப்புறம் வாங்கிக் குடித்தேன். அந்த அம்மா அதைக் கவனித்தார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை, பழகிப்போனவர்களின் முகம் அது. அன்று இரவு நான் தூங்கவில்லை. படித்த படிப்பும் எழுதிய கட்டுரையும் என் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டு வளர்ப்பு நமக்குள் விதைப்பதில் கருத்து கொஞ்சம்தான். கருத்து பிறகு வருகிறது, வாதாடினால் மாறவும் செய்கிறது. அதற்கு முன்பே முகங்களும், குரலில் வரும் மாற்றமும், சட்டென்று பேச்சை நிறுத்துவதும் உள்ளே போய்விடுகின்றன. நான்கைந்து வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. ஒருவரிடம் சிரித்துப் பேசி, இன்னொருவரிடம் முகம் கொடுக்காமல் பேசும் பெரியவரை வெறுமனே பார்த்த குழந்தைகள், இரண்டாமவரைத் தாங்களும் ஒதுக்கத் தொடங்குகிறார்கள். யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மத நம்பிக்கையுள்ள வீட்டில் இன்னொன்றும் சேர்கிறது. அந்த முகத்தோடு கடவுளின் பெயரும் ஒட்டிக்கொள்கிறது. என் பாட்டியின் முகச்சுளிப்போடு ‘சிவ சிவா’ வந்ததுபோல. பிறகு அந்த முகச்சுளிப்பைக் கேள்வி கேட்டால், கடவுளையே கேள்வி கேட்பதுபோல நெஞ்சு படபடக்கிறது. உங்கள் வாயிலிருந்து ‘ஜெபம் பண்ணிக்கிறேன்’ என்று வந்ததைப் பாருங்கள். அது பொய்யில்லை, நீங்கள் உண்மையாகவே ஜெபிக்கிறவர். ஆனால் அந்தக் கணத்தில் அந்தச் சொல் ஒரு கதவைச் சாத்துவதற்குப் பயன்பட்டது.

அப்படியென்றால் சாதி விஷயத்தில் மட்டும் அப்பாவை எதிர்த்து எப்படி நிற்க முடிந்தது? உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம் இது. இதற்கு ஆய்வு உலகத்தில் பொருத்தமான ஒரு விளக்கம் இருக்கிறது. 1967இல் கோர்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடம் நடத்திய ஆய்வில், மதத்தைச் சமூக மரியாதைக்காகப் பயன்படுத்துகிறவர்களிடம் இனவெறி கூடுதலாகவும், மனதார நம்பி வாழ்கிறவர்களிடம் குறைவாகவும் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இருபது வருடம் கழித்து, 1987இல், கிரகரி ஹெரெக் அதே அளவுகோலை ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள் மீதான வெறுப்புக்கும் வைத்துப் பார்த்தார். அங்கே கணக்கு தலைகீழாகிவிட்டது. மனதார நம்புகிறவர்களிடம்தான் அந்த வெறுப்பு அதிகம்.

பிற ஆய்வாளர்களும் சேர்ந்து இதற்குச் சொன்ன விளக்கம் எளிமையானது. பிரசங்க பீடம் எந்த வெறுப்பை ‘பாவம்’ என்று வெளிப்படையாகக் கண்டிக்கிறதோ, அந்த வெறுப்பு பக்தர்களிடம் குறைகிறது. எதைக் கண்டிக்காமல் விடுகிறதோ, அல்லது ஊக்குவிக்கிறதோ, அது பக்தியோடு சேர்ந்து வளர்கிறது. உங்கள் கதையில் இதை வைத்துப் பாருங்கள். சாதி கூடாது என்று உங்கள் கோயிலில் ஐயர் (போதகர்) நூறு தடவையாவது சொல்லியிருப்பார். சபையார் கேட்டார்களோ இல்லையோ, வசனம் உங்கள் கையில் இருந்தது. அப்பாவுக்கு முன் அதை எடுத்து நீட்ட முடிந்தது. தம்பி மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி நல்லவிதமாக ஒரு பிரசங்கம் கேட்டிருப்பீர்களா? உங்களுக்குக் கிடைத்ததெல்லாம் மாமாவின் கைதட்டலும் குடும்பத்தின் சிரிப்பும்தான். போராட ஒரு சொல்கூட யாரும் கொடுத்து வைக்கவில்லை. உங்கள் மனதில் கெடுதல் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கை வெறுமையாக இருந்தது.

இதைச் சொல்வது உங்களைத் தேற்றுவதற்காக மட்டுமல்ல. என் கை நின்றதற்கு நான் காரணமில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் திரும்பிப் போனேனா என்பதற்கு நான்தான் பொறுப்பு. போனேன். பலமுறை போனேன். முதலில் வரும் கூச்சம் வளர்ப்பு கொடுத்தது; மூன்று வார மௌனம் உங்களுடையது. அதை நீங்கள்தான் உடைக்க வேண்டும்.

மதத்தை விட்டால்தான் சுயமாக யோசிக்க முடியுமா என்ற கேள்விக்கு என் அனுபவம் சொல்வது: அவசியமில்லை. விட்டவர்களும் இருக்கிறார்கள், விடாமலே யோசித்தவர்களும் இருக்கிறார்கள். பெரியார் பிறந்தது ஈரோட்டில் வைணவ பக்தி நிறைந்த ஒரு வீட்டில். பாகவதர்களும் சாமியார்களும் வந்து சாப்பிட்டுப் புராணம் சொல்லிப் போகும் வீடு. அவர்களைக் கேள்வி கேட்டுக் கேட்டே வாதாடப் பழகினார், பிறகு மதத்தையே விட்டு வெளியே வந்தார்.

இன்னொருவர் உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த வி.எஸ். அசரியா. பேராயர் அசரியா என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியதைச் சொல்லிக்கொடுத்தார்களா? இந்தியக் கிறிஸ்தவர்களை மிஷனரிகள் சமமாக நடத்துவதில்லை என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். உங்கள் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அன்பைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் என்பது உங்களுக்கு உடனே புரிந்திருக்கும். மிஷனரிகள் கொண்டுவந்த அதே வேதத்தை வைத்தே மிஷனரிகளை அளந்தார். இரண்டு வருடம் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரும் ஆனார்.

என் பாட்டிக்குத் திரும்பிப் போகிறேன். அவள் தினமும் பாடிய தேவாரத்தில் அப்பரின் ஒரு திருத்தாண்டகம் உண்டு. உடம்பெல்லாம் அழுகிய தொழுநோயாளியானாலும், மாட்டை உரித்துத் தின்னும் புலையரே ஆனாலும், சிவனுக்கு அன்பரென்றால் ‘அவர்கண்டீர் நாம்வணங்கும் கடவுளாரே’ என்று முடியும். கண்ணீர் வழியப் பாடுவாள். பாடி முடித்ததும் கொல்லைக்குப் போய், கவிழ்த்து வைத்த டம்ளரில் காபி ஊற்றுவாள். இரண்டும் ஒரே வீட்டில் எனக்குக் கிடைத்தவை. அந்த டம்ளரைத் தூக்கி எறிய எனக்குத் தெம்பு கொடுத்ததில் பாதி, அவள் பாடிய பாட்டுதான். உங்கள் வீட்டிலும் இரண்டும் இருக்கிறது. ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பதும் அந்த ஏழு மணி ஜெபத்தில் வாசித்த வேதத்தில் உள்ளதுதானே.

வேத வசனங்களுக்குப் பொருள் சொல்வது என் வேலையில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். சபைகள் சொல்வது எந்தக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பெண்ணைப் பேராயராக ஆக்கலாம் என்பதை உங்கள் தாத்தா ஒப்புக்கொண்டிருப்பாரோ என்னவோ. 2013இல் புஷ்பா லலிதா சிஎஸ்ஐயின் முதல் பெண் பேராயரானபோது நீங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். உங்கள் மாவட்டத்துக்கு அடுத்த வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிவாரியாக மக்களைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிபட்டது. அதை இடித்ததை எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் கிறிஸ்தவர்கள்தான். இப்போது ஒருபாலீர்ப்பு பற்றி சிஎஸ்ஐயும் அங்கமாக உள்ள உலக ஆங்கிலிக்கன் ஐக்கியமே இருபது வருடத்துக்கு மேலாக இரண்டுபட்டு நிற்கிறது. அது முடிவுக்கு வரும்வரை தம்பியிடம் பேசாமல் இருக்க முடியாது. அவனை நேசிக்க நீங்கள் முதலில் இறையியல் கேள்வியைத் தீர்த்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தோழிகள் சொல்லும் ‘பிரெயின்வாஷ்’ பற்றி. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் ஒரு வேலை கொடுப்பதுண்டு, நீங்களும் செய்து பாருங்கள். ஒரு நோட்டில் உங்கள் உறுதியான கருத்து ஒன்றை எழுதுங்கள். அதற்குக் கீழே, இதை முதலில் யாரிடம் கேட்டேன், அப்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது, இதனால் பாதிக்கப்படுகிற ஒருவரையாவது நான் நேரில் அறிவேனா, இன்று என் வாழ்க்கையில் நான் பார்த்தது இதோடு ஒத்துப்போகிறதா என்று யோசித்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

குடிக்காமல் இருப்பதை இப்படி எழுதிப் பாருங்கள். முதலில் பிரசங்கம் நினைவுக்கு வரும். அடுத்து குடியால் சீரழிந்த ஒரு வீடு, பாத்திரம் பறந்த ஒரு ராத்திரி நினைவுக்கு வரலாம். நம் ஊர்களில் அப்படி ஒரு வீட்டைப் பார்க்காமல் வளர்ந்தவர் குறைவு. எழுதி முடித்தபின்னும் ‘எனக்கு வேண்டாம்’ என்று தோன்றினால், அது உங்கள் கருத்து. வீட்டிலிருந்து வந்தது என்பதற்காக உங்களுடையது இல்லை என்று ஆகாது. ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இலேயே இதைப் பிரித்துக் காட்டினார். பெற்றோர் தந்ததை ஆராயாமல் அப்படியே வைத்திருப்பது ஒரு நிலை. ஆராய்ந்து பார்த்துத் தனக்கென்று ஒன்றை முடிவு செய்வது வேறு நிலை. ஆராய்ந்தபிறகு ஒருவர் பழைய இடத்துக்கே வந்து நிற்கலாம். வெளியே பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆராயாமல் குடிக்கிறவர்களும் சென்னையில் நிறையப் பேர் என்பதைத் தோழிகளுக்குச் சொல்லலாம், சண்டை இல்லாமல்.

உங்கள் வீட்டில் சோறு வடிக்கும் முன் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும் பழக்கம் இருந்ததா? உங்கள் பக்கத்துச் சபைகளில் அது உண்டு. உலையில் போடும் முன் ஒரு கைப்பிடியைத் தனியே பானையில் போடுவது, நிறைந்ததும் கோயிலுக்குக் கொடுப்பது. அந்தப் பக்கத்தில் வளர்ந்து வேலைக்கு வந்த பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். முதல் சம்பளத்திலிருந்தே யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு என்று ஒரு தொகையை எடுத்து வைப்பார்கள். ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். அது அவர்களுக்குக் கருத்தே இல்லை, கையின் பழக்கம். கை நிற்கவும் பழகும், கொடுக்கவும் பழகும். நோட்டில் இந்த மாதிரிப் பக்கங்களையும் எழுதுங்கள். கெட்டதை மட்டும் தேடினால் கணக்குத் தப்பாகிவிடும்.

தம்பி விஷயத்தில் இன்னும் தயக்கம் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், குடும்பத்தாரிடமிருந்து பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை, தன் மனதிலும் முன்முடிவுகள் இருக்கின்றன என்பதை ஆணையிலேயே ஒப்புக்கொண்டார். ஒரு உளவியலாளரிடம் நேரம் கேட்டு, ஒரு மாணவரைப்போல உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்த ஆண்டு ஜூன் 7இல் விரிவான ஆணையை எழுதினார். மேலே நான் சொன்ன தடை அந்த ஆணையில் உள்ளதுதான். என் துறையில் இருக்கிற எங்களுக்கு அதைப் படித்தபோது தொண்டை அடைத்தது. நீங்களும் அப்படிக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். தம்பியிடமே கேட்கலாம்: ‘எனக்கு இது புதுசு, தப்பா ஏதாவது சொன்னா திருத்து.’

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அவருக்கு அந்த வசனம் உங்களைவிட நன்றாகவே தெரியும். அதனால் வசனத்தை நீட்டியபோது அவர் தோற்றார், மனம் மாறவில்லை. ‘கலியாணம்னா அது வேற’ என்பதற்குள் வேறு ஏதோ பயம் இருக்கிறது. பெரியப்பா வீட்டார் வரமாட்டார்கள் என்பதா, கமிட்டியில் முகம் பார்க்க முடியாது என்பதா, நாளைக்கு ஒரு சாவென்றால் சொந்தம் வந்து நிற்காது என்பதா என்று தனியாக, தங்கை இல்லாத நேரத்தில் கேளுங்கள். ‘அப்பா, உங்களுக்கு எதுக்கு பயம்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதல் நாள் பதில் வராது. ஜெபம் முடிந்து அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் நேரம் மாதிரி, எதிர்த்துப் பேசும் தெம்பில்லாத ஒரு நேரம் எல்லா அப்பாக்களுக்கும் உண்டு. அதை நீங்கள் அறிவீர்கள்.

அவர் கடைசிவரை சம்மதிக்காமலும் போகலாம். தங்கைக்கு 26 வயது; சட்டப்படி அவளுக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. உறவில் யாராவது மிரட்டினால் ‘கோபத்தில் சொல்கிறார்கள்’ என்று தள்ளிவிடாதீர்கள். சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இப்படி மணம் செய்வோருக்குப் பாதுகாப்பும் தங்க இடமும் தரவேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக மாமாவின் அந்தக் கைதட்டல். அது ஓயாமல் நினைவுக்கு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். வரத்தான் செய்யும், அந்தக் கூட்டத்தில் தம்பியும் சிரித்தான் என்பது உங்களுக்கு இப்போதுதான் வலிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அவன் ஊருக்கு வருகிறானா என்று கேளுங்கள். வந்தால், எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அவன் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். மாமா எழுந்து கைதட்டத் தொடங்கினால், ‘மாமா, இது வேண்டாம், உக்காருங்க’ என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், ‘எனக்குப் பிடிக்கல’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். அதற்கு மேல் போனால் தம்பியை நோக்கி யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லிவிட்டு, அவனையும் பார்க்காமல், தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துப் பாதியை உடைத்து அவன் பக்கம் நீட்டுங்கள்.